கோலி தேடி அம்பத்தூர் போன கதை

எங்கள் கோவில்பட்டியில் பிறக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஃபார்வர்டாகவே பிறக்கிறார்கள். ஹாக்கி மட்டையைக் கையில் கொடுத்த அன்றைக்கே கோல் போடக் கிளம்பிவிடுவார்கள். போஸ்ட்டுக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்கிற கோலி வேலைக்கு மட்டும் ஆள் கிடைப்பதில்லை. "மூஞ்சியில அடி வாங்கவா எம்புள்ளய வளத்தேன்" என்று தாய்மார்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆகவே நான் பயிற்சி கொடுக்கும் பெண்கள் அணியில் பத்துப் பேர் உள்ளூர், கோலி ஒருத்தி மட்டும் அசலூர். கிளப் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். உள்ளூர்க் கோலியை வைத்து ஜெயிக்க முடியாது என்பதை எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைகூடச் சொல்லும்.

அந்த அசலூர்க் கோலிக்குப் போலீஸ் வேலை கிடைத்து, ஒருநாள் மிட்டாய் டப்பாவோடு வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள். சித்திரையில் எங்கள் ஊர் டோர்னமெண்ட். கிளப் தலைவர் கடலைமிட்டாய் வியாபாரி. முதலாளி மாதிரி யோசித்து முதலாளி மாதிரியே முடிவெடுப்பார். "கோமதி டீச்சர், நீங்க மெட்ராஸ் போயி ஒரு கோலியப் புடிச்சிட்டு வாங்க. இல்லன்னா இந்த வருசம் டீம் எறங்காது, சொல்லிட்டேன்" என்றார். ஆள் ஒசரமாக இருக்க வேண்டும், நன்றாகச் சத்தம் போட வேண்டும், கோல் விடக் கூடாது. இவை அவர் போட்ட நிபந்தனைகள். கேட்கப் போகும்போது தட்டோடு போக வேண்டும் என்று தன் கடைக் கடலைமிட்டாயையும் கட்டிக் கொடுத்தார்.

அம்பத்தூரில் ஒரு பெண்கள் அணி உண்டு. அதன் செயலாளர் தேவா, அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவர். டோர்னமெண்ட்டுகளில் பார்த்துப் பழக்கம். அவருடைய கோலி ஷர்மிளா மேல் எனக்கு ரெண்டு வருஷமாகவே ஒரு கண். போனில் ஜாடையாகக் கேட்டதற்கு அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "தாராளமா வாங்க டீச்சர். ஞாயித்துக்கெழம ஆவடில ஒரு மேட்ச் கீது, வந்து பாருங்கோ. பேட் கட்டத் தெரிஞ்ச பொண்ணு யார்னா இருந்தா கூட இட்டுனு வாங்க" என்றார். இவ்வளவு நல்ல மனிதர் உலகத்தில் இருப்பாரா என்று அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பேட் கட்டத் தெரிந்த பொண்ணு என்றால் மாரிக்கனி. எங்கள் ரெண்டாவது கோலி. தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறாள். "பேடு சும்மாத்தான கெடக்கு டீச்சர்" என்று ஒருநாள் தானாக எடுத்துக் கட்டிக்கொண்டவள், மூன்று வருஷமாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளூர்க்காரி என்பது அவள் மேல் முதல் குற்றம். குள்ளம் என்பது ரெண்டாவது. வாயைத் திறக்க மாட்டாள் என்பது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் நின்றால் கோல் விழும் என்று ஊரில் பேச்சு. அது பொய்யும் இல்லை. எங்கள் மைதானத்தில் கோல் போடாமல் பயிற்சியை முடிக்கக் கூடாது. ஃபார்வர்டுகள் ஆளுக்கொரு கோலாவது அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். வெறும் மட்டையோடு போனால் டோர்னமெண்ட்டில் பந்து உள்ளே போகாது என்று நம்பிக்கை. அந்தக் கடைசி நேரத்தில் அசலூர்க் கோலி பேடைக் கழற்றிவிட்டு மோர் குடிக்க வந்துவிடுவாள். மாரிக்கனி போய் நிற்பாள்.

ஆக, தன் தலைமேல் உட்காரப் போகிறவளைத் தேடுவதற்கு அவளையே கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். அது எனக்கு அப்போது தப்பாகவே தோன்றவில்லை.

எங்களுக்கு மதுரவாயல் பைபாஸுக்கு அந்தப் பக்கம் எல்லாமே வெளிநாடுதான். தங்குவதற்கு வானகரத்தில் என் வீட்டுக்காரரின் அக்கா சாந்தா மதினியின் வீடு இருந்தது. ஏழாவது மாடி. வாசலில் செக்யூரிட்டி எங்கள் கிட் பையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு ஆளைச் சுருட்டி வைக்கிற அளவு பெரிய பை அது. கால் பேட், கிக்கர், நெஞ்சுக்கவசம், கையுறை, ஹெல்மெட் எல்லாம் அதற்குள் அடக்கம். பல கோலிகளின் வியர்வையும் அடக்கம். "தொறங்கோ பாக்லாம்" என்றவர், ஜிப் பாதி திறந்ததுமே, "சரி சரி, மூடிகினு போங்கோ" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்தப் பைக்கு வேறு பூட்டு தேவையே இல்லை.

மதினியின் கணவரும் மகனும் கம்ப்யூட்டர் கம்பெனி. வீட்டில் ஆளுக்கொரு அறைக்குள் இருந்துகொண்டு யாரோடோ இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தார்கள். ராகி தோசை, ஓட்ஸ் உப்புமா, சர்க்கரை போடாத காபி. உடம்புக்கு நல்லது என்று மதினி சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். எங்கள் ஊர் புரோட்டாவும் சால்னாவும் நினைவில் வந்து நின்றன. மாரிக்கனி பையில் கொண்டுவந்த காரச்சேவைத் தோசைக்குள் நொறுக்கிப் போட்டு எனக்கும் கொஞ்சம் தள்ளினாள்.

"கோலி எடுக்குறதுக்கு எதுக்கு இவ்வளவு அலையணும் கோமதி?" என்றார் மதினி. "எம்மவன் கம்பெனியில மூணு ரவுண்டு இண்டர்வியூ வைப்பான். பெரிய இடத்துல ஏற்கெனவே வேல பாத்தவங்களா பாத்து எடுப்பான்."

"உள்ளயே இருக்கவங்கள மேல தூக்கி விட மாட்டாங்களா மதினி?" என்று கேட்டது மாரிக்கனி. எனக்கு மதினி என்றால் அவளுக்கும் மதினி.

"அதெல்லாம் செய்ய மாட்டாங்க. உள்ள இருக்கவன் வேற கம்பெனிக்குப் போனாத்தான் அவன் அருமை தெரியும்" என்றார் மதினி. நாங்கள் மூவரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

தேவாவின் கோலி ஷர்மிளா கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று கைவசம் இன்னொரு பெயரும் வைத்திருந்தேன். திருமழிசையில் கௌசல்யா என்று ஒரு பெண். நல்ல உயரம், அங்கே ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை. மறுநாள் அவளைப் பார்க்கக் கிளம்பினோம்.

பூந்தமல்லி வரைக்கும் ஷேர் ஆட்டோ. பை ஒரு ஆள் இடத்தைப் பிடித்ததால் அதற்கும் சேர்த்துக் கேட்டார் டிரைவர். "யக்கா, பைல இன்னா கீது?" என்றார். சொன்னேன். அவருக்கு ஹாக்கி தெரியாது, ஆனால் யோசனை சொல்ல அது ஒரு தடையா? "நல்ல குண்டா ஒரு பொண்ணா பாத்து நிக்க வெய்யிக்கா. போஸ்ட்டு ஃபுல்லா அடச்சிகினு நின்னா பந்து எப்டி பூரும்?" என்றார். பின்னால் மடியில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் கெடையாது. ரெண்டு கொயந்த பெத்தவள நிக்க வெய்யி. எது எங்கருந்து வந்தாலும் கை தானா போவும்" என்றாள். அவள் சொன்னதில் எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் தலைவரிடம் எப்படிச் சொல்வது?

பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோவுக்காகத் தூண் தூணாக நட்டிருக்கிறார்கள். கீழே நாங்கள் ஊர்ந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். மீந்துபோன மசால் வடையைக் குழம்பில் போட்டு மானத்தைக் காப்பாற்றுகிற சமையல் அது, எங்கள் ஊரில் அந்தச் சாமர்த்தியம் யாருக்கும் வரவில்லை. மாரிக்கனி இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி கேட்டாள்.

அடுத்த பஸ்ஸில்தான் வம்பு வந்தது. நசரத்பேட்டையில் கூட்டம் மொத்தமாக எழுந்து இறங்கியது. பக்கத்திலிருந்தவர் "எறங்குமா, எறங்கு எறங்கு" என்று தள்ளவே, இதுதான் திருமழிசை போலிருக்கிறது என்று நானும் இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பை படிக்கட்டில் குறுக்காக மாட்டிக்கொண்டு நிற்கிறது, பைக்கு அந்தப் பக்கம் மாரிக்கனி நிற்கிறாள். நான் பையை வெளியே இழுக்க, ஏறுகிறவர்கள் அதை உள்ளே தள்ள, கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் பையோடும் மாரிக்கனியோடும் கடலைமிட்டாய்த் தட்டோடும் போய்விட்டது. நான் கைப்பையோடு ஹைவேயில் நின்றேன்.

தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு குட்டி யானை வண்டிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் அவரும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தெருநாயி தொரத்தறப்ப எந்தப் பொண்ணு ஓடாம நிக்குதோ, அதான் யக்கா உன் கோலி" என்றார். அன்றைக்கு நான் கேட்ட யோசனைகளில் தலைவர் சொன்னதைவிட இது எவ்வளவோ மேல்.

திருமழிசையில் ஒரு பக்கம் தகரக் கூரை போட்ட கம்பெனிகள், அதற்கு ஒட்டின மாதிரி பழைய தெருக்கள், தெரு முடிகிற இடத்தில் வயல். கௌசல்யா வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். கேட்கவே தேவையிருக்கவில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாம் பக்கத்துக் காலி மனையில் கூடியிருந்தார்கள். நடுவில் எங்கள் கிட் முழுவதையும் மாட்டிக்கொண்டு கௌசல்யா நின்றாள். எதிரே மாரிக்கனி மட்டையோடு பந்து அடித்துக்கொண்டிருந்தாள். கடலைமிட்டாய் பாதி காலி.

"நீங்க வர நேரமாகும்னு நானே கேட்டுட்டேன் டீச்சர்" என்றாள் மாரிக்கனி. "தட்டு குடுத்து, உங்க பேரச் சொல்லி, மொறையாத்தான் கேட்டேன்."

கௌசல்யாவின் அப்பா முன்னாடி வயல் வேலைக்குப் போனவர், இப்போது எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குக் காவல். எனக்கு நாற்காலி போட்டார், கலர் வாங்கி வரச் சொன்னார். "ஊட்டாண்ட தட்டு வெச்சி கேக்க வந்துகீறீங்கோ. இத்த போட்டோ புடிச்சி சொந்தக்காரனுங்களுக்கு அனுப்பிகீறேன்" என்று செல்போனைக் காட்டினார். படத்தில் மாரிக்கனி தட்டோடு கல்யாணத் தரகர் மாதிரி இளித்துக்கொண்டு நின்றாள்.

கௌசல்யா நல்ல உயரம். சத்தமும் அப்படித்தான், அவள் போட்ட சத்தத்தில் வயலில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. எனக்கு வாயெல்லாம் பல். மாரிக்கனி என் காதருகே வந்தாள். "டீச்சர், அந்தப் பிள்ள கண்ண மூடுதா, பாருங்க."

"பொறாமையில சொல்லாதட்டி" என்றேன்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மட்டையை வாங்கி நானே நாலு பந்து அடித்தேன். ஹெல்மெட் கம்பிக்குள் உற்றுப் பார்த்தால், பந்து கிளம்பியதும் கௌசல்யாவின் கண் இறுக மூடிக்கொண்டது. பந்து பேடில் பட்ட பிறகுதான் திறந்தது. போன வருஷம் பந்து கழுத்தில் பட்டதிலிருந்து இப்படி என்று அவளே சொன்னாள். "எனக்கே புடிக்கல மேடம். இந்த வருசம் ஃபார்வர்டு ஆடலாம்னு கீறேன்" என்றாள். ஃபார்வர்டு எங்கள் ஊரில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. மிச்சமிருந்த கடலைமிட்டாயைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். அவள் அப்பா பஸ் ஏற்றிவிட வந்தார். பையைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

வானகரம் வந்ததும் லிஃப்டில் வைத்து மாரிக்கனி கேட்டாள்.

"நான் பொய் சொல்லுவேன்னு நெனச்சீங்களா டீச்சர்?"

"இல்லட்டி" என்றேன். லிஃப்ட் ஏழு மாடி ஏறுவதற்கு அன்றைக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அப்போதும் ஷர்மிளா கிடைத்துவிட்டால் இவளுக்கு ஒரு நல்ல சுடிதார் எடுத்துக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவா அம்பத்தூருக்கு வரச் சொல்லியிருந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டையில் எண்ணெய்க் கறை, காதில் பேனா. வந்ததும் வராததுமாக ஒரு கடைக்குக் கூட்டிப்போய்ப் பாயாவும் ஆப்பமும் வாங்கிக் கொடுத்தார். காலை ஏழரைக்கு ஆட்டுக்கால் சாப்பிடுகிற ஊர் அது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் ஆடே இன்னும் எழுந்திருக்காது.

"ஷர்மிளாவ தூக்கிகினு போவத்தான வந்துகீறீங்கோ?" என்றார், எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

நான் ஆப்பத்தைப் பிய்க்கத் தொடங்கினேன். "சும்மா பாக்கலாம்னு..." என்றேன்.

"பாருங்க, நல்லா பாருங்க. உங்களாண்ட கீறத எவனாச்சும் கேட்டா மட்டும் கொறச்சலா குடுத்துடாதீங்கோ" என்று சிரித்தார். நான் சொன்னதற்கும் அவர் பதிலுக்கும் சம்பந்தம் இல்லையே என்று எனக்குத் தோன்றியது. பாயா ருசியாக இருந்ததால் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ஆவடியில் புல் என்பதே இல்லாத ஒரு மண் மைதானம். ஓரமாக ரெண்டு வேப்பமரம். சுண்டல் விற்கிறவர் ஒருவர். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் மேட்ச். ஆவடி அணியின் கோலி வரவில்லை என்று தேவா தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா டீச்சர், இப்டி ஆய்ப்போச்சே. உங்க பொண்ணு தான் ஆவடிக்கு நிக்கணும், வேற வழி இல்ல. கிட்டுதான் கீதே." எனக்கு மறுப்பில்லை. மாரிக்கனி என் முகத்தைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். பேடைக் கட்டிக்கொண்டு அந்தக் கோடிக்கு நடந்தாள். அந்த உடுப்புக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை, பை நடந்து போவது போல இருந்தது.

நான் ஷர்மிளாவின் போஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே, வேப்ப நிழலில், ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பொண்ணு பார்க்க வந்தவள் பொண்ணைத்தானே பார்க்க வேண்டும். ஷர்மிளா நிஜமாகவே நல்ல கோலி. நெடுநெடுவென்று உயரம். "ரைட்டுல போ, ரைட்டுல போ, ஏய் மூடு" என்று டிபென்ஸை விரட்டிக்கொண்டே இருந்தாள். நாலு நல்ல பந்துகளைத் தடுத்தாள், ஒன்றை மட்டும் விட்டாள். இவளைக் கூட்டிக்கொண்டு போனால் தலைவர் வாயை மூட ரெண்டு நாளாகும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோடியில் என்ன நடந்தது என்று நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இடைவேளை முடிந்ததும் அணிகள் பக்கம் மாறின. நான் மாறவில்லை. வெயில் கொளுத்தியது, நிழல் ஒரு பக்கம்தான் இருந்தது. ஆகவே இப்போது என் முன்னால் வந்து நின்றது மாரிக்கனி. சுண்டல்காரர் எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு, "இந்தக் குட்டப் பொண்ணு யாருக்கா? ஒண்ணுமே உள்ள உடமாட்டுது" என்றார்.

அப்போதுதான் பார்க்கத் தொடங்கினேன். அம்பத்தூர் ஃபார்வர்டுகள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. முதல் பந்தைக் காலால் ஒதுக்கினாள். ரெண்டாவதுக்கு முன்னால் ஓடி வந்து அடிப்பவளின் மூக்குக்கு நேராகப் போய் நின்றுவிட்டாள், அந்தப் பெண்ணுக்கு அடிக்க இடமே தெரியவில்லை. அடுத்தது தரையோடு வந்தது. அதற்குக் கட்டை மாதிரி விழுந்தாள். எழுந்து, மண்ணைத் தட்டி, மறுபடி நின்றாள். ஒரு சத்தம் இல்லை. சுண்டல் என் கையிலேயே ஆறிப்போனது. மூன்று வருஷமாக வாரம் அஞ்சு நாள் நான் பார்த்த பெண்ணா இது என்று எனக்குக் குழப்பம். எங்கள் மைதானத்தில் இவள் நிற்கிற நேரமெல்லாம் கோல் விழுகிற நேரம்தானே. விழ வேண்டும் என்று நாங்களே நிற்க வைத்துவிட்டு, விழுகிறதே என்று நாங்களே உதட்டைப் பிதுக்கியிருக்கிறோம். மொத்த ஊருமாகச் சேர்ந்து செய்த முட்டாள்தனத்துக்கு நான்தான் கோச்.

கடைசி நேரத்தில் அம்பத்தூருக்குக் கோல் போடுவதற்கென்றே தருகிற பெனால்டி கார்னர் ஒன்று கிடைத்தது. இதோடு ஆட்டம் முடிந்தது என்று அம்பயர் கை காட்டினார். ஃபார்வர்டுகள் வரிசை கட்டி நின்றார்கள். மாரிக்கனி ஹெல்மெட்டை லேசாகத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"கடைசிப் பந்து டீச்சர். விடணுமா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்குச் சட்டென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"விடாதட்டி" என்று கத்தினேன். என் சத்தம் ஷர்மிளாவுடையதைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும், சுண்டல்காரர் கூடையைப் பிடித்துக்கொண்டார். பந்து வந்தது. இடது கையால் தட்டினாள், அது கம்பத்துக்கு வெளியே மண்ணில் உருண்டு போனது. விசில் ஊதியது.

ஷர்மிளா எங்களிடம் வந்து மாரிக்கனியைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "மேம், நீங்க என்னப் பாக்க வந்ததா தேவா அண்ணன் சொல்லிச்சி. நான் அடுத்த மாசம் ஒடிசா போறேன், அங்க ஹாக்கி ஹாஸ்டல்ல சீட்டு கெடச்சிடிச்சி. அண்ணனுக்கு அப்பவே தெரியுமே" என்றாள்.

தேவா சுண்டல் பொட்டலத்தை மும்முரமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"இன்னா பண்றது டீச்சர், எனக்கும் கோலி இல்ல. போன வருசம் உங்க ஊர் டோர்னமெண்ட்டுக்கு வந்தப்ப, சாயங்காலம் உங்க பிராக்டீஸ வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்தேன். இந்தப் பொண்ணு பந்த பாத்துகினே, கால எடுத்து நவுந்து உடுது. தடுக்கத் தெரியாதவ அப்டி உட மாட்டா. அதான் இட்டுனு வாங்கன்னேன்."

"ஆவடி கோலி?"

"அந்தப் பொண்ண ஊட்லயே இருக்கச் சொன்னதும் நான்தான்."

கோபம் தலைக்கேறியது. பாயா வாங்கிக் கொடுத்து ஆளைக் கவிழ்த்திருக்கிறார். நான் செய்ய வந்ததும் அதே வேலைதான் என்பது நினைவுக்கு வந்தாலும் கோபம் குறையவில்லை. அவர் என்னைத் தாண்டி நேராக மாரிக்கனியிடமே பேசினார். பட்டறையில் செக்கிங் வேலை, பொண்ணுங்க தங்கற ஹாஸ்டல், வாரத்துக்கு மூன்று நாள் டர்ஃப் மைதானத்தில் பயிற்சி, முதல் கோலி இடம்.

"அவ எங்க முதல் கோலி" என்றேன் நான்.

மாரிக்கனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எப்பத்துல இருந்து டீச்சர்?"

"இப்பத்துல இருந்து" என்றேன். அங்கிருந்த யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அவள் கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு தேவாவிடம், "பிராக்டீஸ்ல கோல் விடணுமா?" என்று கேட்டாள்.

"இன்னாத்துக்கு உடணும்?" என்றார் தேவா. அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"அப்ப வாரேன்" என்றாள்.

இனி அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டும். போனை என்னிடம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னாத்தான் விடுவாக." என்னால் மறுத்திருக்க முடியும். ஊருக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊருக்கு வந்தால் அவள் அம்மா விட மாட்டார், எனக்குக் கோலி மிச்சம். அந்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பக்கம் போனை எடுத்துவிட்டார்கள்.

"அங்கன யாரு இருக்கா டீச்சர் இவளுக்கு? பொம்பளப் பிள்ளயத் தனியா எப்பிடி விட?" என்று அந்த அம்மாள் கேட்டார். வானகரத்தில் என் மதினி வீடு இருக்கிறது என்றேன். வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பார்கள் என்றேன். நல்ல வேலை, நல்ல மனிதர் என்றேன். நல்ல மனிதர் சுண்டல் மென்றுகொண்டிருந்தார். "இவ கெட்டிக்காரி, இங்கன வந்துதான் எனக்கே தெரிஞ்சது" என்றும் சொன்னேன். அந்த அம்மாள் ரொம்ப நேரம் கேள்வி கேட்டார், நானும் விடாமல் பதில் சொன்னேன். என் கோலியை நானே பேசிப் பேசி அம்பத்தூருக்கு அனுப்பி வைத்தேன். மனசு பாதி எரிந்தது, பாதி பூரித்தது. எந்தப் பாதி பெரிது என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு வந்து துணிமணி எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் மதினி வீட்டிலேயே தங்கிவிட்டாள். மதினி உடனே ராகி தோசைக்கு ஊறப்போடத் தயாரானார். பஸ் ஏற்றிவிட வந்தபோது, "காரச்சேவு மட்டும் அனுப்பிவிடுங்க டீச்சர்" என்றாள் மாரிக்கனி. தேவாவும் வந்திருந்தார். "சித்திரைக்கு உங்க ஊர் டோர்னமெண்ட்டுக்கு வருவோம் டீச்சர். கோலியோட வருவோம்" என்று கும்பிட்டார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலி. தாம்பரம் தாண்டியதும் தலைவர் போன் செய்தார்.

"கோலி கெடச்சாளா டீச்சர்?"

"கெடச்சா தலைவரே."

"ஒசரமா?"

"நம்ம மாரிக்கனி ஒசரம் இருப்பா."

"சத்தம் போடுவாளா?"

"வேண்டியத மட்டும் பேசுவா."

"அதெல்லாம் போகட்டும். கோல் விடுவாளா?"

"நாம விடச் சொன்னாத்தான் விடுவா."

"அப்பறம் என்ன, அமுக்கிப் போட்டுக் கூட்டிட்டு வர வேண்டியதுதான?" என்றார். "எந்த ஊருப் பொண்ணு?"

"நம்ம ஊருதான்" என்றேன். "கெடச்சது அம்பத்தூருக்கு."